பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் வீட்டார் செய்ய வேண்டியவை

காய்ச்சலோடு குழந்தையின் உடம்பில் ஏதேனும் தடித்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் 'அம்மை' என்பதுதான். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன. நீர் கோத்த கொப்புளங்களாக வருவது சின்னம்மை. கொப்புளமே இல்லாமல், மணலை வாரி இறைத்தாற்போல் முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் தடித்துச் சிவப்பது தட்டம்மை. ஊர்ப்புறங்களில் இதையே மணல்வாரி என்பார்கள்; இலங்கைத் தமிழர் சின்னமுத்து என்பார்கள். இந்தக் கட்டுரை தட்டம்மையைப் பற்றியது. பெயரை முதலில் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். சின்னம்மை பெரும்பாலான குழந்தைகளுக்கு அரிப்போடும் அலுப்போடும் கடந்துபோகும். தட்டம்மையோ நுரையீரலையும் கண்ணையும் சில வேளைகளில் மூளையையும் தொட்டுவிடக் கூடியது.

தட்டம்மை வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலும் தடிப்பும் ஏறக்குறைய பத்து நாள்களில் தாமாகவே தணிந்துவிடும். உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை பெரும்பாலும் அதன் பின்னாலேயே வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் நீரிழப்பும்தான். ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய வேலை இரண்டு: குழந்தைக்குத் தண்ணீரும் உணவும் குறையாமல் பார்த்துக்கொள்வது, ஆபத்தின் முதல் அடையாளத்தைத் தவறவிடாமல் இருப்பது. மருத்துவரைப் பார்க்காமல் வீட்டிலேயே சமாளித்துவிடலாம் என்பது இதன் பொருள் அன்று. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, இரவும் பகலும் அருகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே பேசப்படுகிறது.

தடிப்புக்கு முந்தைய நாள்கள்

நோயுள்ளவரோடு ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து எண்ணினால் பத்து அல்லது பன்னிரண்டு நாள்களில் காய்ச்சலும் ஏறக்குறைய பதினான்காம் நாளில் தடிப்பும் தோன்றும். 1846-இல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபரோ தீவுகளில் இந்நோய் பரவி, ஏறக்குறைய 7,800 மக்களில் 6,000 பேரைப் பீடித்தது. அங்கே சென்ற பீட்டர் பானும் என்ற இளம் டேனிய மருத்துவர் வீடுவீடாகச் சென்று நாள்களை எண்ணித்தான் இந்தக் கணக்கைக் கண்டறிந்தார். 1781-இல் வந்த முந்தைய பரவலில் நோயுற்றுப் பிழைத்திருந்த முதியவர்கள் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அதற்கு ஆளாகவில்லை என்பதையும் அவரே பதிவு செய்தார். ஒரு முறை வந்தால் மறுமுறை வராது என்று நம் பாட்டிமார் சொல்வது தட்டம்மையைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற நோயின் வழி மிக ஆபத்தானது. தடுப்பூசியின் வழி எளிதானது.

முதல் மூன்று நான்கு நாள்களில் இது சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே இருக்கும். காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறும். 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போவதும் உண்டு. அதோடு வறட்டு இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவந்து நீர் வடிதல் ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கும். இந்த மூன்றில் நான் அதிகம் கவனிக்கச் சொல்வது கண்ணைத்தான். சளி பிடித்த குழந்தைக்கு இருமல் இருக்கும், மூக்கும் ஒழுகும். ஆனால் கண் இவ்வளவு சிவப்பதில்லை. வெளிச்சத்தைக் கண்டு குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விளக்கைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு அழுதாலோ, காய்ச்சலைச் சளியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

தடிப்பு வருவதற்கு ஓரிரு நாள் முன்பே வாய்க்குள் ஓர் அடையாளம் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் சன்னல் ஓரமாகக் குழந்தையை மடியில் கிடத்தி, கழுவிய விரலால் கன்னத்தை மெல்ல விலக்கிக் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே உள்ள உட்புறத்தைப் பாருங்கள். சிவந்த சவ்வின்மேல் ரவைத் துகளைத் தூவினாற்போல் வெண்மையான சிறு புள்ளிகள் இருந்தால் அது தட்டம்மையின் தனி அடையாளம். நியூயார்க்கில் குழந்தை மருத்துவராக இருந்த ஹென்றி காப்லிக் 1896-இல் இதை விளக்கி எழுதியதால் இவை காப்லிக் புள்ளிகள் எனப்படுகின்றன. தடிப்பு வந்த ஓரிரு நாள்களில் இவை மறைந்துவிடும். புள்ளிகள் தெரியவில்லை என்பதாலேயே தட்டம்மை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

தடிப்பை எப்படிப் பார்ப்பது

தடிப்பு காதுக்குப் பின்னும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் முதலில் தோன்றும். அங்கிருந்து முகம், கழுத்து, மார்பு, வயிறு, கை, தொடை என்று மேலிருந்து கீழாக இறங்கி, மூன்றாம் நாளில் பாதத்தை எட்டும். தடிப்பு வெளிப்படும்போது காய்ச்சல் உச்சத்தில் இருக்கும். புத்தகங்களில் 'சிவந்த தடிப்பு' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் நம் குழந்தைகளின் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது எளிதில் புலப்படாது; தோல் சற்றுக் கருஞ்சிவப்பாகவோ, வெறுமனே சொரசொரப்பாகவோ மட்டும் தெரியலாம். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு கையாலும் தடவிப் பாருங்கள். நெற்றியிலும் கன்னத்திலும் மணல் ஒட்டியது போல் கைக்குத் தட்டுப்படும். மணல்வாரி என்று பெயர் வைத்தவர்கள் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தட்டம்மையை மற்றவற்றிலிருந்து பிரித்தறிவது முழுக்க வீட்டாரின் வேலை இல்லை என்றாலும் சில வேறுபாடுகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சின்னம்மையில் கொப்புளங்களுக்குள் நீர் இருக்கும், புதியது, பழுத்தது, பொருக்குத் தட்டியது என எல்லா நிலையும் ஒரே நேரத்தில் காணப்படும், அரிப்பும் மிகுதி. ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லாவில் காய்ச்சல் லேசானது. காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும். மூன்று நாளில் தடிப்பு மறையும். டெங்குவிலும் தோல் சிவக்கும், ஆனால் இருமலும் மூக்கு ஒழுகலும் அவ்வளவாக இருக்காது. உடம்பு வலியும் வயிற்று வலியும் முன்னிற்கும். மழைக்காலத்தில் டெங்குவையும் மனத்தில் வைத்தே பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்த பிறகு தடித்தது என்றால் அது மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கக் கூடும். கொடுத்த மருந்தின் அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்தாறு நாள்களில் தடிப்பு வந்த வழியே, முகத்தில் தொடங்கி, மங்கும். தோல் சில நாள்களுக்குப் பழுப்பேறி, தவிடு உதிர்வது போல் மெல்ல உரியும். இது குணமாவதன் அடையாளமே.

மருத்துவமனைக்குப் போகும் முன்

தட்டம்மையைப் போல் வேகமாகப் பரவும் நோய்கள் மிகச் சில. பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் நோயாளிக்கு அருகில் இருந்தால் அவர்களில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். நோயாளி அறையை விட்டுப் போன பின்னும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் அந்தக் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். ஆகவே சந்தேகம் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே புறநோயாளிகள் வரிசையில் போய் உட்காராதீர்கள். அந்த வரிசையில் கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் காத்திருப்பார்கள். முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது பெரியவர் ஒருவர் உள்ளே போய், 'காய்ச்சலும் தடிப்பும் இருக்கிறது, தட்டம்மையோ என்று சந்தேகம்' என்று செவிலியரிடம் தெரிவித்துவிட்டு, அழைக்கும்வரை குழந்தையோடு வெளியே திறந்தவெளியில் இருங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தகவல் கொடுக்கலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். காய்ச்சலோடு தடிப்பு என்று தெரிந்தால் அவர்கள் குழந்தையின் இரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சோதனை முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருப்பதில்லை. தகவல் கொடுத்தால் தெருவில் பெயர் கெட்டுவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். தெருவில் ஒரு வீட்டில் நோய் இருக்கிறது என்று சுகாதாரப் பணியாளர்களுக்குத் தெரிந்தால்தான், தடுப்பூசி விடுபட்ட மற்றப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் போட முடியும். 2022-இன் பிற்பகுதியில் மும்பையில் நெருக்கமான குடியிருப்புகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, விடுபட்ட பிள்ளைகளைத் தேடிச் செல்வதே அங்கே முக்கிய வேலையாயிற்று.

தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, தோன்றிய பின் நான்கு நாள் வரை குழந்தையிடமிருந்து நோய் பரவும். ஆகையால் தடிப்பு வந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்குப் பின் நான்கு முழு நாள்கள் பள்ளியும் அங்கன்வாடியும் திருமண மண்டபமும் வேண்டாம். ஓரறை வீட்டில் தனி அறைக்கு வழி இருக்காது. அப்படியானால் சன்னல்களைத் திறந்துவைத்து, ஏற்கெனவே தட்டம்மை வந்தவரோ இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டவரோ குழந்தையைக் கவனித்துக்கொள்ள, மற்றப் பிள்ளைகளை வேறு இடத்தில் படுக்கவைக்கலாம். ஆனால் அவர்களைக் கைக்குழந்தை உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். தடிப்புக்கு நான்கு நாள் முன்பே நோய் பரவியிருக்கும் என்பதால் அவர்கள் தொற்றைச் சுமந்துகொண்டு போகக் கூடும்.

நோயாளியோடு இருந்த பிள்ளைக்குத் தடுப்பூசி விடுபட்டிருந்தால், தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசி நோயைத் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ வல்லது. ஊசி போட முடியாத சிறு கைக்குழந்தை, கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் போன்றோருக்கு ஆறு நாள்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும், நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆயத்தமாக அடங்கிய மருந்து கொடுப்பதுண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார்; நாள் கடந்தால் பயனில்லை என்பதால் அன்றே போய்க் கேட்பது வீட்டாரின் பொறுப்பு.

வைட்டமின் ஏ என்பதை நினைவில் வையுங்கள்

தட்டம்மை உடம்பில் உள்ள வைட்டமின் ஏ இருப்பை வேகமாகக் கரைத்துவிடும். ஏற்கெனவே அது குறைவாக உள்ள குழந்தைக்குக் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடக் கூடும். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் கடுமையாகும். அதனால்தான் தட்டம்மை கண்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 50,000 அலகு, ஆறிலிருந்து பதினொரு மாதம் வரை 1,00,000 அலகு, ஒரு வயதும் அதற்கு மேலும் 2,00,000 அலகு; இதை நாளுக்கு ஒரு தவணையாக அடுத்தடுத்த இரண்டு நாள்கள் கொடுப்பார்கள். கண்ணில் வைட்டமின் குறைபாட்டின் அடையாளம் இருந்தால் இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் மூன்றாம் தவணை உண்டு.

அளவை எழுதியது நீங்களே கடையில் வாங்கிக் கொடுப்பதற்காக அன்று. வைட்டமின் ஏ உடம்பில் தேங்கக் கூடியது; மிகுந்தால் ஈரலைக் கெடுக்கும். மருத்துவரோ செவிலியரோ கொடுக்க வேண்டிய மருந்து இது. ஆனால் காய்ச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டால், 'வைட்டமின் ஏ கொடுக்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று பார்க்கத் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கேரட்டும் நல்ல உணவுகளே. ஆயினும் நோய் வந்துவிட்ட வேளையில் இந்தத் தவணைகளுக்கு அவை ஈடாகமாட்டா.

அன்றாடப் பராமரிப்பு

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரு வேளை அளவு. ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கொடுக்கக் கூடாது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. கடையில் கிடைக்கும் சிரப்புகளில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்டதும் உண்டு, 250 மில்லிகிராம் கொண்டதும் உண்டு; கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இவற்றைவிடச் செறிவானது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் வகையில் 6 மில்லிலிட்டர், இரண்டாம் வகையில் 3 மில்லிலிட்டர். 'அரை மூடி, ஒரு மூடி' என்று பழைய நினைவில் ஊற்றாமல், புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, ஊசியில்லாச் சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுப்ரோஃபென் வகை மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம், அது குழந்தைக்கு நடுக்கத்தைத்தான் தரும்.

தண்ணீர் விஷயத்தில் குழந்தை கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர், கொதித்து ஆறிய நீர் எதுவானாலும் சிறு சிறு அளவாக அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மூக்கடைப்பால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. வழக்கத்தைவிட அதிகத் தடவை, குறைந்த நேரம் என்று ஊட்டினால் குடிக்கும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் இரண்டு வயதுக்குட்பட்டவருக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேல் 100 முதல் 200 மில்லிலிட்டர் கொடுங்கள். 1 லிட்டருக்கான பொட்டலமும் 200 மில்லிலிட்டருக்கான சிறு பொட்டலமும் தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும். மாற்றிக் கரைத்துவிட்டால் உப்பு கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். பொட்டலம் கைக்கு எட்டாத இரவில் 1 லிட்டர் சுத்தமான நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

கண்ணில் பீளை கட்டினால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்கு ஓரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு, ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவதையும் பச்சிலைச் சாறு பிழிவதையும் அறவே தவிர்த்துவிடுங்கள். வைட்டமின் ஏ குறைந்து நலிந்த கருவிழியில் கிருமி புகுந்தால் சில நாள்களில் பார்வை போய்விடும். வீட்டில் மிச்சம் கிடக்கும் கண் சொட்டு மருந்தையும் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கேடு பெரிது. அறையின் வெளிச்சத்தைக் குறைத்துக் கண்கூச்சத்துக்கு இதம் தரலாம். ஆனால் காற்று வரும் சன்னலை அடைத்து இருட்டறையாக்க வேண்டாம்.

வாய்ப்புண் இருந்தால் குழந்தை உணவை மறுப்பது அடம் அன்று, வலி. உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, ஆறிய குழைந்த சோறு, தயிர்ச் சோறு, மசித்த வாழைப்பழம் என்று கொடுத்தால் இறங்கும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு இருமலுக்குச் சிறிது தேன் தரலாம். கைக்குழந்தைக்குத் தேன் ஆகாது. ஆன்டிபயாடிக் வைரஸுக்கு வேலை செய்யாது. நிமோனியாவோ காதில் சீழோ வந்தால் மட்டுமே மருத்துவர் அதைத் தருவார்.

வேப்பிலையும் மாரியம்மனும்

அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாள் வராமல் பார்த்துக்கொள்வதும், தாளிக்காமல் சமைப்பதும், தலைக்கு நீர் ஊற்றும்வரை கோயில் குளம் என்று எங்கும் போகாமல் இருப்பதும் நம் மரபு. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று வணங்குகிற வீட்டாரிடம் அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் தேவையில்லை. வாசல் வேப்பிலை 'இங்கே நோய் இருக்கிறது, உள்ளே வராதே' என்று ஊருக்கு அறிவிக்கிறது. இன்று மருத்துவர்கள் சொல்லும் தனிமைப்படுத்தலும் அதுதான். வேப்பிலையைக் குழந்தையின் அருகில் வைத்து மெல்ல வருடினால் ஒரு தீங்கும் இல்லை.

விட வேண்டியவை மூன்று. ஒன்று, அம்மனுக்குக் குற்றம் ஆகும் என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பது. தாயாக வணங்கப்படுகிறவள் பிள்ளையைக் காப்பாற்றுவதற்குக் கோபித்துக்கொள்வாள் என்று நினைக்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டு, உப்பும் பருப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம். காய்ச்சலில் உடம்பு தசையைக் கரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வெறும் கூழோடு நிறுத்தினால் மெலிந்த குழந்தை மேலும் மெலியும். அந்த நாள்களில் வீட்டில் மீனும் முட்டையும் சமைப்பதில்லை என்றால் அதனால் குறையில்லை. பாலும் தயிரும் குழைந்த பருப்பும் நெய்யும் கீரையும் இருக்கின்றனவே. மூன்று, வேப்பிலை மஞ்சள் உருண்டையை அழுகிற சிறு குழந்தையின் வாயில் திணிப்பது. புரையேறி மூச்சு அடைத்துவிடும். தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை உடம்பைத் துடைக்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்; வெதுவெதுப்பான நீரில் தினமும் துடைத்தால் குழந்தை நன்றாகத் தூங்கும்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

தடிப்பு வந்த மூன்று நான்கு நாள்களில் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கி ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஏறினாலோ வேறொரு தொற்று சேர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பலர் 'அம்மை உள்ளே இறங்கியிருக்கிறது' என்று காத்திருந்து நேரத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

நிமோனியாவைக் கண்டறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம், 108-ஐ அழையுங்கள். எதையும் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தியாவது, வலிப்பு, எழுப்பினாலும் கண் விழிக்காத மயக்கம், மூச்சிழுக்கும்போது தொண்டையிலிருந்து கரகரத்த ஒலி, கருவிழியில் வெண்மை படர்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பாராமல் கிளம்புங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையும் மெலிந்த குழந்தையும் இந்த அடையாளங்கள் வரும் முன்பே மருத்துவரின் கண்காணிப்பில் இருப்பதுதான் சரி. பெரியவர்களுக்கும் இந்நோய் கடுமையாக வரும். கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரக் கூடும் என்பதால் வீட்டில் வைத்துப் பார்ப்பதே கூடாது.

குணமான பின்னும் சில வாரங்கள் கவனம் தேவை. உடம்பு முன்பு கற்றுவைத்திருந்த எதிர்ப்பாற்றலில் ஒரு பகுதியைத் தட்டம்மை அழித்துவிடுகிறது என்று 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின; அதனால்தான் அம்மை வந்துபோன பிள்ளைக்கு அடுத்தடுத்துச் சளியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. குறைந்தது இரண்டு வாரம் ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுத்து, இழந்த எடை திரும்புகிறதா என்று அங்கன்வாடித் தராசில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி

1963-இல் அமெரிக்காவில் முதல் தட்டம்மைத் தடுப்பூசி உரிமம் பெற்றது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985-இல் சேர்ந்தது. 2010-இல் இரண்டாம் தவணை தொடங்கியது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா கூட்டுத் தடுப்பூசி முதலில் அறிமுகமான மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்போது பள்ளிகளில் 15 வயது வரை போடப்பட்டபோது கைப்பேசிகளில் பரவிய வதந்திகளால் சில பெற்றோர் கையெழுத்திட மறுத்ததை இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன். இலங்கையில் தட்டம்மை ஒழிந்துவிட்டதாக 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023-இல் அங்கே மீண்டும் பரவியது. நூற்றுக்கு 95 பேர் இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் இந்த வைரஸுக்கு வழியடையும். அதற்குக் குறைந்தால் விடுபட்ட வீடுகளைத் தேடி வந்துவிடும்.

அரசுத் திட்டத்தில் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். இரண்டும் இலவசம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் கைக்குழந்தையின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரிவர வேலை செய்யாது என்பதால்தான் 9 மாதம் வரை காத்திருக்கிறோம். 9 மாதத்தில் போடும் ஒரு தவணை நூற்றுக்கு 85 குழந்தைகளைக் காக்கும். மிச்சம் 15 பேருக்காகவே இரண்டாம் தவணை. நடை பழகி ஓடித் திரியும் வயதில், ஊசிப் பேச்சை வீட்டில் எல்லாரும் மறந்திருக்கும் வேளையில் அது வருவதால், விடுபடுவது பெரும்பாலும் அதுதான். சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல.

ஊசி போட்ட அன்று பெரிதாக ஒன்றும் இராது. ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வந்து ஓரிரு நாளில் போய்விடும். ஊசியோடு ஆட்டிசம் வரும் என்று 1998-இல் பிரிட்டனிலிருந்து கிளம்பிய கட்டுரை பொய்யானது என்று நிரூபிக்கப்பட்டு, 2010-இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்கும் இந்த ஊசி போடுவதில்லை; கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் போட்டுக்கொண்டு ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

குழந்தையின் தாய் சேய் நல அட்டையை எடுத்து இரண்டு தவணைக்கும் எதிரே தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 24 மாதம் கடந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். ஐந்து வயது வரை அரசு நிலையங்களிலேயே போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் மருத்துவரைக் கேட்டு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி போடலாம். அட்டை தொலைந்துபோய், போட்டார்களா இல்லையா என்று யாருக்கும் நினைவில்லை என்றால், போடவில்லை என்றே கொண்டு போட்டுவிடுங்கள். ஒரு தவணை கூடிப்போவதால் குழந்தைக்குத் தீங்கில்லை.